'விளையாட்டு' என்ற சொல்லும் ஒரு துப்பாக்கியின் வடிவமும்

விளையாட்டுத் துப்பாக்கி என்றதும் பண்டிகைக் காலத்தில் சிறுவர்களின் கைகளில் காணப்படும் பிளாஸ்டிக் துப்பாக்கியே எம்மில் பலருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இதே சொல் வேறொன்றைக் குறிக்கின்றது. வேட்டைக்கும், இலக்கு நோக்கிச் சுடும் போட்டிக்கும் பயன்படுகின்ற, உயிரைப் பறிக்கவல்ல உண்மையான துப்பாக்கியே அங்கு விளையாட்டுத் துப்பாக்கி எனப்படுகின்றது. வெளிநாட்டில் தயாரான ஒரு துப்பாக்கி அந்நாட்டுக்குள் வரலாமா, கூடாதா என்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீர்மானித்து வந்திருப்பது இந்த ஒரு சொல்லேயாகும்.

அமெரிக்காவில் பாடசாலையிலோ கடைத்தொகுதியிலோ துப்பாக்கிச்சூடு இடம்பெற்றதாகச் செய்தி வெளியாகும் ஒவ்வொரு தடவையும், இத்தகைய ஆயுதங்களை அந்நாடு ஏன் தடை செய்யவில்லை என்ற கேள்வி எமது வாசகர்களிடையே எழுவது இயல்பே. உண்மையில் அந்நாடு வாளாவிருக்கவில்லை. 1968, 1989, 1990, 1994, 1998 என அடுத்தடுத்துச் சட்டங்களும் விதிகளும் வந்தன. ஆனால், அவை தடுக்க நினைத்ததை முழுமையாகத் தடுக்கவில்லை. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு, 'புல்பப்' எனப்படும் ஒருவகை அமைப்புடைய துப்பாக்கியின் வரலாற்றை நோக்குவது பயனுடையதாகும். சட்டமானது ஒரு பொருளின் ஆற்றலைப் பாராது அதன் தோற்றத்தைப் பார்க்கும்போது என்ன நிகழும் என்பதற்கு இது தெளிவானதோர் உதாரணமாகும்.

புல்பப் என்பது யாது?

வழமையான நீள் துப்பாக்கியை முன்னிருந்து பின்னாக நோக்கினால், முதலில் குழலும் அதனையடுத்து ரவை வெடிக்கும் அறையும் பொறித்தொகுதியும் அமைந்திருக்கும். அப்பொறித்தொகுதியின் கீழ் மகஸின் எனப்படும் ரவைக்கூடு பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் விசையும், இறுதியில் தோளில் ஊன்றும் கட்டையும் இருக்கும். இக்கட்டைக்குத் தோளில் தாங்கி நிற்பதைத் தவிரப் பெரிதாக வேறு வேலை கிடையாது. துப்பாக்கியின் மொத்த நீளத்தில் கணிசமான பகுதி இவ்வாறு வெறுமனே கழிகின்றது.

புல்பப் அமைப்பின் அடிப்படை எண்ணம் மிக எளிமையானது. பொறித்தொகுதியையும் ரவைக்கூட்டையும் பின்னே தள்ளி, அந்தத் தோட்கட்டைக்குள்ளேயே அடக்கிவிடுவது. விசையையும் கைப்பிடியையும் அவற்றுக்கு முன்னால் கொண்டுவருவது. இதனால் குழலின் நீளம் குறையாமலேயே துப்பாக்கியின் மொத்த நீளம் குறைகின்றது. குழலின் நீளம் குறைந்தால் ரவையின் வேகமும் குறையும் என்பதால், இது அற்பமான இலாபமன்று.

எண்களைக் கொண்டு நோக்கினால் இது மேலும் தெளிவாகும். அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய எம்-16 ஏ2 துப்பாக்கியின் குழல் 508 மில்லிமீற்றர். மொத்த நீளம் ஏறத்தாழ ஒரு மீற்றர். ஒஸ்ட்ரியாவின் ஸ்டெயர் ஏ.யு.ஜி. துப்பாக்கியின் குழலும் அதே 508 மில்லிமீற்றர்தான். ஆனால் அதன் மொத்த நீளம் 79 சென்ரிமீற்றர் மாத்திரமே. கவச வாகனத்தின் குறுகிய வாயிலினூடாக ஏறி இறங்கும் சிப்பாய்க்கு இந்த 20 சென்ரிமீற்றர் வித்தியாசம் பெரிது.

இந்த எண்ணம் புதியதுமன்று. 1901 இலேயே தோர்னிகிராப்ற் என்ற பெயரில் இத்தகைய குறுந்துப்பாக்கி ஒன்று பிரித்தானியாவில் உருவாக்கப்பட்டு, இராணுவத்தினால் பரிசோதிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. 1951 இல் ஈ.எம்.-2 என்னும் புல்பப் துப்பாக்கியை பிரித்தானியா ஏற்றுக்கொண்டது. எனினும், ஆட்சி மாறி வின்ஸ்டன் சேர்ச்சில் மீண்டும் பிரதமரானதும், நேட்டோ நாடுகளுக்கெல்லாம் பொதுவான ரவை வேண்டுமென்ற காரணத்தால் அது கைவிடப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் ஒஸ்ட்ரிய இராணுவம் ஏ.யு.ஜி. துப்பாக்கியையும், பிரெஞ்சு இராணுவம் பாமாஸ் துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்ட பின்னரே இவ்வமைப்பு உலகின் கவனத்தைப் பெற்றது. பிரித்தானியாவின் எஸ்.ஏ.80, சீனாவின் கியூ.பீ.இசட்.-95, சிங்கப்பூரின் எஸ்.ஏ.ஆர்.-21, இஸ்ரேலின் டாவோர் ஆகியன அதன் பின்னர் வந்தவை. அவுஸ்திரேலியா ஒஸ்ட்ரிய வடிவத்தையே உரிமம் பெற்று லித்கோ நகரில் தயாரித்துத் தனது படைகளுக்கு வழங்கியது.

குறைகளும் உண்டு

நன்மைகளுக்கு விலை கொடுத்தேயாக வேண்டும். விசை முன்னேயும் பொறி பின்னேயும் இருப்பதால் இரண்டையும் நீண்டதொரு கம்பியால் அல்லது தண்டினால் இணைக்க வேண்டியுள்ளது. இதனால் விசையை அழுத்தும்போது தெளிவற்ற, கனத்த உணர்வு ஏற்படுகின்றது. நுட்பமாக இலக்கு நோக்கிச் சுடுபவர்களுக்கு இது பெருங்குறையாகும். ரவைக்கூடு அக்குளுக்கு அருகில் இருப்பதால் அதனை மாற்றுவதற்குத் தனிப்பயிற்சி தேவை.

இடக்கைப் பழக்கமுடையோரின் சிரமம் இன்னும் பெரிது. வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டா வெளியேறும் துவாரம் சுடுபவரின் கன்னத்துக்கு அருகிலேயே இருப்பதால், வலத்தோளுக்கென அமைந்த துப்பாக்கியை இடத்தோளில் வைத்துச் சுட்டால் சூடான உலோகம் முகத்தில் படும். பிரித்தானியாவின் எஸ்.ஏ.80 துப்பாக்கியை இக்காரணத்தால் வலத்தோளிலிருந்து மாத்திரமே சுட முடியும். ஏ.யு.ஜி.யில் உட்பாகத்தை மாற்றிப் பொருத்தி வெளியேறும் பக்கத்தை மாற்றலாம். பெல்ஜியத்தின் எப்.2000 துப்பாக்கி வெற்றுத் தோட்டாவை முன்புறமாகத் தள்ளும் வழியைக் கையாண்டது.

இராணுவத் தேவைக்கென உருவான இத்துப்பாக்கிகளைத் தயாரிப்பாளர்கள் பொதுமக்களுக்கும் விற்க விரும்பினர். தொடர்ச்சியாகச் சுடும் வசதியை நீக்கி, விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு ரவை மாத்திரம் வெளியேறும் அரைத் தன்னியக்க வடிவில் அவை தயாரிக்கப்பட்டன. மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. அங்குதான் 'விளையாட்டு' என்ற சொல் குறுக்கே நின்றது.

1968 இன் சட்டம்

1963 இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, இருபது டொலர் அளவிலான விலைக்குத் தபால் மூலம் வாங்கப்பட்ட பழைய இத்தாலிய இராணுவத் துப்பாக்கியாகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐரோப்பியப் படைகள் கழித்துவிட்ட இத்தகைய ஆயுதங்கள் அமெரிக்காவில் மலிவாகக் குவிந்திருந்தன. இந்நிலை பொதுமக்களின் பாதுகாப்புக் குறித்த கவலையை எழுப்பியதோடு, உள்நாட்டுத் துப்பாக்கி உற்பத்தியாளர்களுக்கும் உவப்பாக இருக்கவில்லை என்பதையும் இங்கு கவனத்தில் கொள்ள வேண்டும். 1968 இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேர்ட் கென்னடியும் சுட்டுக்கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதே ஆண்டில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

விளையாட்டு நோக்கங்களுக்கு விசேடமாக ஏற்றதென, அல்லது அவற்றுக்கு எளிதில் இசைவிக்கத்தக்கதெனப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட துப்பாக்கியே பொதுமக்களுக்கான விற்பனைக்காக இறக்குமதி செய்யப்படலாம் என்பது அச்சட்டத்தின் சாரமாகும். 'விளையாட்டு நோக்கம்' என்பதற்குச் சட்டம் வரைவிலக்கணம் எதனையும் தரவில்லை. அதனைத் தீர்மானிக்கும் பொறுப்பு நிர்வாகத்திடம் விடப்பட்டது. அரச திணைக்களங்களுக்கான இறக்குமதிக்கு இந்நிபந்தனை பொருந்தாது. அமெரிக்கச் சுங்கத் திணைக்களமே ஏ.யு.ஜி. துப்பாக்கியைப் பயன்படுத்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒரு நுணுக்கத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இத்துப்பாக்கியால் வேட்டையாட முடியுமா என்று சட்டம் கேட்கவில்லை. வேட்டைக்கு உரியதென இது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளதா என்றே கேட்கின்றது. அதாவது, வழக்கமே அளவுகோல். புதிய வடிவமுடைய துப்பாக்கி வழக்கத்தில் இல்லை. ஆகவே உள்ளே வர முடியாது. உள்ளே வராததால் வழக்கத்துக்கு வரவும் முடியாது. அடர்ந்த பற்றைக்குள் வேட்டையாடுபவனுக்குக் குறுகிய துப்பாக்கி வசதியானதே என்று புல்பப் ஆதரவாளர்கள் கூறும் வாதத்துக்கு இச்சட்டத்தில் அதிக இடமில்லை.

இருந்தபோதிலும், முதல் இருபது ஆண்டுகளில் நீள் துப்பாக்கிகள் விடயத்தில் இந்நிபந்தனை தளர்வாகவே நடைமுறைப்படுத்தப்பட்டது. ஏ.யு.ஜி.யின் அரைத் தன்னியக்க வடிவத்துக்கும் இறக்குமதி அனுமதி வழங்கப்பட்டது.

ஸ்டொக்டன் பாடசாலை

1989 ஜனவரி 17 ஆம் திகதி கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டொக்டன் நகரிலுள்ள கிளீவ்லாண்ட் ஆரம்பப் பாடசாலையின் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மீது ஒருவன் சரமாரியாகச் சுட்டான். ஐந்து பிள்ளைகள் உயிரிழந்தனர். முப்பது பேர் வரையில் காயமடைந்தனர். கொல்லப்பட்ட ஐவரும் கம்போடிய, வியட்நாமிய வம்சாவளியினர். போரிலிருந்து தப்பிப் பிழைத்துக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஒரு போரிலிருந்து தப்பி வந்தவர்களின் வாரிசுகள் மற்றொரு நாட்டின் பாடசாலை முற்றத்தில் போர்க்கள ஆயுதத்தின் வடிவத்துக்கே இரையானமை, அகதி வாழ்வின் பொருளை அறிந்த எவர் நெஞ்சையும் உலுக்கக்கூடியது.

அன்று பயன்படுத்தப்பட்டது சீனத் தயாரிப்பான, ஏ.கே. வகையைச் சேர்ந்த அரைத் தன்னியக்கத் துப்பாக்கி. அது புல்பப் அன்று. ஆயினும், அச்சம்பவத்தைத் தொடர்ந்து ஜோர்ஜ் புஷ் நிர்வாகம் மார்ச் மாதத்தில் இத்தகைய துப்பாக்கிகளின் இறக்குமதியை இடைநிறுத்தியபோது ஏ.யு.ஜி.யும் அதில் அகப்பட்டது. அதனைத் தருவித்து வந்த அலபாமா மாநில நிறுவனமொன்று, ஏற்கெனவே பெற்றிருந்த அனுமதியைக் காட்டி நீதிமன்றம் சென்றது. கீழ் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோதிலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் இடைநிறுத்த அதிகாரத்தை உறுதிசெய்தது.

ஜூலை மாதத்தில் இறுதி முடிவு வெளியாகியது. 43 வகைத் துப்பாக்கிகள் இறக்குமதிக்கு உகந்தவையல்ல எனத் தீர்மானிக்கப்பட்டது. விளையாட்டு என்பது வேட்டையும், முறையாக ஒழுங்கமைக்கப்பட்ட இலக்குச் சூட்டுப் போட்டியுமே எனச் சொல்லுக்கு எல்லை வகுக்கப்பட்டது. வெற்றுத் தகரங்களை வைத்துப் பொழுதுபோக்காகச் சுடுவது அதனுள் அடங்காது. இராணுவத் தோற்றத்துக்கான அடையாளங்களும் பட்டியலிடப்பட்டன: கழற்றி மாட்டும் ரவைக்கூடு, மடிக்கும் தோட்கட்டை, தனித்து நீண்டிருக்கும் கைப்பிடி, துப்பாக்கிக் கத்தி பொருத்தும் வசதி, குழல் முனையில் சுவாலையை மறைக்கும் கருவி, இருகால் தாங்கி, கைக்குண்டு செலுத்தும் கருவி, இரவுநேரக் குறிகாட்டி ஆகியன.

அதேவேளையில், பின்லாந்தின் வல்மெற் ஹண்டர் என்ற துப்பாக்கிக்கு அனுமதி கிடைத்தது. அதன் உட்பொறி ஏ.கே. துப்பாக்கியினதே. ஆனால், மரபான வேட்டைத் துப்பாக்கியின் உருவில் அது மாற்றியமைக்கப்பட்டிருந்தது. உள்ளிருக்கும் பொறி ஒன்று, வெளித்தோற்றம் வேறு, முடிவும் வேறு.

பெருவிரல் துளை

புல்பப் தயாரிப்பாளருக்கு இங்கு தனியானதொரு சிக்கல் இருந்தது. ஏனைய துப்பாக்கிகளில் கைப்பிடியைக் கழற்றி, மரக்கட்டையொன்றைப் பொருத்திவிடலாம். ஏ.யு.ஜி.யிலோ கைப்பிடி, தோட்கட்டை, பொறியின் உறை அனைத்தும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பு. ஒன்றை நீக்கினால் மற்றையது இல்லை. எனவே, கைப்பிடியின் அடியையும் கட்டையின் அடியையும் ஒரு பாலத்தால் இணைத்து, இடையே பெருவிரல் நுழையும் துளையை மாத்திரம் விட்டு, முழு வார்ப்பையும் மாற்றினார்கள். சுவாலை மறைக்கும் கருவியும் நீக்கப்பட்டது. யு.எஸ்.ஆர். என்ற பெயருடன் 'விளையாட்டுத் துப்பாக்கி'யாக 1990களில் அது அமெரிக்காவுக்குள் மீண்டும் நுழைந்தது. அதே ரவை, அதே குழல், அதே பொறி.

1994 செப்டெம்பரில் நாடளாவிய தாக்குதல் ஆயுதத் தடைச் சட்டம் வந்தபோது, பெயர் குறிப்பிட்டுத் தடை செய்யப்பட்டவற்றுள் ஏ.யு.ஜி.யும் இருந்தது. ஏனையவற்றுக்கு, பட்டியலிலுள்ள அடையாளங்களுள் இரண்டு இருந்தால் தடை என்ற விதி வகுக்கப்பட்டது. ஓர் அடையாளத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிய துப்பாக்கிகள் உடனடியாகவே சந்தைக்கு வந்தன. பத்தாண்டு ஆயுளுடன் பிறந்த அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் 2004 செப்டெம்பரில் காலாவதியானது.

இறக்குமதி விதியோ மேலும் இறுக்கப்பட்டது. கிளின்டன் நிர்வாகம் 1997 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கிகளின் இறக்குமதியை இடைநிறுத்தி 59 வகைகளை ஆராய்ந்தது. 1998 ஏப்ரலில் புதிய அளவுகோல் அறிவிக்கப்பட்டது. இராணுவத் துப்பாக்கிக்கென உருவாக்கப்பட்ட, பத்து ரவைகளுக்கு மேல் கொள்ளும் ரவைக்கூடு பொருந்துமாயின், கட்டையில் துளை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, இறக்குமதிக்கு இடமில்லை. ஏ.யு.ஜி.யின் 30 ரவைக் கூட்டை ஏற்கும் எந்த வடிவத்துக்கும் இதன் மூலம் வாயில் அடைக்கப்பட்டது. தோற்றத்தை விட்டு ஆற்றலை நோக்கி விதி நகர்ந்த தருணம் இதுவெனலாம்.

உதிரிப்பாகக் கணக்கு

ஆனால், அடைக்கப்பட்டது துறைமுக வாயில் மாத்திரமே. முழுத் துப்பாக்கி வர முடியாவிட்டால், பாகங்களாகத் தருவித்து உள்நாட்டில் பொருத்தலாமல்லவா? இதனை முன்கூட்டியே உணர்ந்த அமெரிக்க காங்கிரஸ், இறக்குமதி செய்ய முடியாத அரைத் தன்னியக்கத் துப்பாக்கியை இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு பொருத்துவது குற்றம் என 1990 இல் சட்டமியற்றியது. எத்தனை பாகங்கள் இருந்தால் அது இறக்குமதித் துப்பாக்கி? 1993 இல் வந்த விதி, 20 பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் பத்துக்கு மேற்பட்டவை இறக்குமதியானவையாக இருக்கக்கூடாது என்றது.

குழல், விசை, சுத்தியல், தோட்கட்டை, கைப்பிடி என நீளும் அப்பட்டியலில் ரவைக்கூடு மாத்திரம் மூன்றாகக் கணக்கிடப்படுகின்றது. கூட்டின் உடல் ஒன்று, ரவையை மேலே தள்ளும் தட்டு ஒன்று, அடித்தகடு ஒன்று. இதன் விளைவு விசித்திரமானது. அமெரிக்கத் தயாரிப்பான ரவைக்கூட்டுடன் சட்டபூர்வமாக இருக்கும் துப்பாக்கியில் வெளிநாட்டு ரவைக்கூட்டை மாட்டினால் கணக்கு மாறிவிடுகின்றது. சுடும் வேகத்திலோ, ரவையின் வலுவிலோ, கொள்ளளவிலோ எள்ளளவும் மாற்றமில்லை. மாறியது அப்பாகம் பிறந்த நாடு மாத்திரமே.

இதன் பின்னர் தயாரிப்பாளர்கள் செய்தது எதிர்பார்க்கத்தக்கதே. தொழிற்சாலையே கடல் கடந்தது. ஏ.யு.ஜி.யின் அரைத் தன்னியக்க வடிவம் 2000களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் தயாரிக்கப்படலாயிற்று. இஸ்ரேலிய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை பென்சில்வேனியாவில் அமைக்கப்பட்டு, 2013 இல் டாவோர் துப்பாக்கியை விற்பனைக்கு விட்டது. விளையாட்டு நோக்கம் என்ற நிபந்தனை இறக்குமதிக்கே உரியது. உள்நாட்டு உற்பத்தியைக் கட்டுப்படுத்தாது. ஸ்டொக்டன் பிள்ளைகளின் பெயரால் துறைமுகத்தில் தடுக்கப்பட்ட வடிவம், பென்சில்வேனியாவில் தொழில் வாய்ப்பாக மாறிவிட்டது.

அங்குலங்களின் ஆட்சி

அமெரிக்கச் சட்டத்தின் மற்றொரு முகம் அளவுநாடா. 1934 ஆம் ஆண்டிலிருந்து வரும் சட்டமொன்றின்படி, இன்று நீள் துப்பாக்கியின் குழல் 16 அங்குலத்துக்கோ அல்லது மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் அது குறுங்குழல் துப்பாக்கியென மத்திய அரசிடம் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான 200 டொலர் வரி 2025 இல் நிறைவேறிய சட்டத்தினால் 2026 இன் தொடக்கத்திலிருந்து பூச்சியமாக்கப்பட்டபோதிலும், பதிவு நடைமுறை நீக்கப்படவில்லை. மறைத்து எடுத்துச் செல்லத்தக்க ஆயுதத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். வழமையான அமைப்பில் 16 அங்குலக் குழல் வைத்தால் மொத்த நீளம் தானாகவே 30 அங்குலத்தைத் தாண்டும். புல்பப்பில் அவ்வாறன்று. டாவோர் துப்பாக்கியின் குழல் பதினாறரை அங்குலம்; மொத்த நீளம் 26 அங்குலமும் ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கும். சட்டத்தின் எல்லைக்கோட்டில் நூலிழை இடைவெளியில் நிற்கும் அளவு இது.

கலிபோர்னியா மாநிலமோ 30 அங்குலத்துக்குக் குறைந்த, நடுவெடி ரவையைப் பயன்படுத்தும் அரைத் தன்னியக்கத் துப்பாக்கியைத் தாக்குதல் ஆயுதமெனக் கொள்கின்றது. ஆகவே, அங்கு விற்பனைக்குச் செல்லும் புல்பப் துப்பாக்கியின் முனையில் குழாய் போன்ற நீட்சியொன்றைக் கழற்ற முடியாதவாறு நிரந்தரமாகப் பொருத்தி, நான்கு அங்குலம் கூட்டுகின்றனர்.

பிற நாடுகள்

எமது உறவுகள் பெருமளவில் வாழும் கனடாவில் வேறொரு விசித்திரம். வழமையான துப்பாக்கியில் பொருத்தி, அதன் பொறி அல்லது ரவைக்கூட்டின் வாய் விசைக்குப் பின்னால் வருமாறு நீளத்தைக் குறைக்கும் புல்பப் கட்டை, 1998 இன் ஒழுங்குவிதிகளின்படி தடை செய்யப்பட்ட சாதனமாகும். தனிக்கட்டையாக வைத்திருப்பதே குற்றம். ஆனால், தொடக்கத்திலேயே புல்பப்பாகத் தயாரிக்கப்பட்ட துப்பாக்கியை இவ்விதி கட்டுப்படுத்தாது. அதற்கு வேறு பட்டியல்கள் உண்டு, ஏ.யு.ஜி. அங்கு பெயர் குறிப்பிட்டே தடை செய்யப்பட்டுள்ளது. ஒரே வடிவம், ஒன்று துணைக்கருவியாக வந்தால் ஒரு சட்டம், துப்பாக்கியாகவே வந்தால் மற்றொரு சட்டம்.

பிரித்தானியா வேறு வழியில் சென்றது. 1987 இல் ஹங்கர்போர்ட் நகரில் 16 பேர் கொல்லப்பட்டதன் பின்னர், 1988 இல் அங்கு இயற்றப்பட்ட சட்டம் தோற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் நீள் துப்பாக்கிகள், சிறிய .22 விளிம்புவெடி ரவைக்கானவை நீங்கலாக, தடை செய்யப்பட்டன. கையால் இழுத்து ரவையேற்றும் துப்பாக்கி புல்பப் வடிவில் இருந்தாலும் அதற்கு அனுமதிப்பத்திரம் பெறலாம். மரக்கட்டையுடன் அழகாக இருந்தாலும் அரைத் தன்னியக்கம் கூடாது. 1996 இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதன் பின்னர் அவுஸ்திரேலியாவும், 2019 இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதன் பின்னர் நியூசிலாந்தும் பெரும்பாலும் இதே வழியைப் பின்பற்றின. ஏற்கெனவே மக்கள் கைகளில் இருந்தவற்றை அரசு விலை கொடுத்து மீளப்பெற்றது.

தோற்றமா, ஆற்றலா?

தோற்றத்தை வைத்துச் சட்டமியற்றியவர்களை முற்றாகக் குறைகூறவும் நாம் முற்படவில்லை. வேட்டைக்காரரின் வாக்குப் பலம் வலுவாக உள்ள நாட்டில், அவர்களது துப்பாக்கியைத் தொடாமல் கொலைகாரனின் துப்பாக்கியை மாத்திரம் தடுக்கும் வழியொன்றை அவர்கள் தேடினார்கள். தனிக் கைப்பிடியும் மடிக்கும் கட்டையும் முற்றிலும் அலங்காரமானவையும் அல்ல. துப்பாக்கியைக் கட்டுப்படுத்தவும் மறைக்கவும் அவை உதவுகின்றன. ஆயினும், இரண்டு உண்மைகளை மறுப்பதற்கில்லை.

முதலாவது, மரபான தோற்றம் பாதுகாப்புக்கு உத்தரவாதமன்று. 2011 ஜூலை 22 ஆம் திகதி நோர்வேயின் உத்தோயா தீவில் 69 பேரைக் கொன்றவன் பயன்படுத்திய நீள் துப்பாக்கி, வேட்டைக்கென அனுமதிப்பத்திரம் பெற்று வாங்கப்பட்ட அமெரிக்கத் தயாரிப்பான மினி-14 ஆகும். புல்பப் அல்லாத அத்துப்பாக்கியின் சாதாரண கட்டையுடைய வடிவத்தை, 1994 இன் அமெரிக்கச் சட்டம் தடையிலிருந்து பெயர் குறிப்பிட்டு விலக்கியிருந்தது.

இரண்டாவது, இராணுவத் தோற்றம் என்பதே நிலையானதன்று. புல்பப்பை உலகுக்கு அறிமுகப்படுத்திய படைகளே அதனைக் கைவிட்டு வருகின்றன. பிரான்ஸ் 2016 இல் வழமையான அமைப்புடைய ஜேர்மனியத் துப்பாக்கியைத் தெரிவு செய்தது. சீன மக்கள் குடியரசின் 70 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2019 இல் நடைபெற்ற அணிவகுப்பில் சீனப் படையினர் ஏந்திச் சென்ற புதிய துப்பாக்கியும் வழமையான அமைப்பினதே. நாளை எந்தப் படையும் ஏந்தாத வடிவத்தை இராணுவ வடிவம் எனக் கூறித் தடுத்துக்கொண்டிருக்கும் நிலை சட்டத்துக்கு ஏற்படலாம்.

ஒரு துப்பாக்கி எத்தனை ரவைகளை, எவ்வளவு விரைவாக, எவ்வளவு வலுவுடன் வெளியேற்றும் என்பதே அதன் ஆபத்தின் அளவு. பொறித்தொகுதி விசைக்கு முன்னால் இருக்கின்றதா, பின்னால் இருக்கின்றதா என்பது அந்த அளவை மாற்றுவதில்லை. ஒரு சட்டம் எதற்கு அஞ்சுகின்றதோ அதனைத் தெளிவாகப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். அதனைச் சொல்லத் தயங்கி, கைப்பிடியையும் துளையையும் அங்குலத்தையும் அடித்தகட்டையும் பற்றிப் பேசத் தொடங்கினால், அதற்குப் பதில் சொல்ல ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒரு வரைபடக் கலைஞன் தயாராகவே இருப்பான்.

ஸ்டொக்டன் பாடசாலை முற்றத்தில் ஐந்து பிள்ளைகளும் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள். 'விளையாட்டு' என்ற சொல்லுக்குப் பொருள் தேடிய சட்டவாக்குநர்களும் அதிகாரிகளும் அந்த விளையாட்டையே முதலில் மனங்கொண்டிருக்க வேண்டும்.